சத்திரத்துச் சோறு

எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து யார் புவனேஸ்வரம் வந்தாலும் எங்கள் வீட்டில் ஒரு நிரந்தரப் பயணத்திட்டம் தயாராக இருக்கும். முதல் நாள் லிங்கராஜர் கோயில். மறுநாள் கோனாரக், அங்கிருந்து அப்படியே பூரி. ஜகந்நாதர் தரிசனம் முடிந்ததும் கோயில் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் ஆனந்த பஜாருக்குப் போய் மகாபிரசாதம். மண்பானையில் வெந்த சோறு, பருப்பு, காய்கறிக் கூட்டு. வெங்காயம், பூண்டு, தக்காளி எதுவும் கிடையாது. ஆனாலும் அந்த ருசியே தனி.

சில வருஷத்துக்கு முன்னால் என் அத்தை வந்திருந்தார். கொஞ்சம் ஆசாரமானவர். ஆனந்த பஜாரில் யார் யாரோ தரையில் உட்கார்ந்து ஒரே பானையிலிருந்து எடுத்துச் சாப்பிடுவதைப் பார்த்துத் தயங்கி நின்றார். கூட வந்திருந்த என் ஒடியா நண்பர், கட்டக்காரர், பேங்கில் எனக்கு சீனியராக இருந்து ரிட்டயர் ஆனவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "மகாபிரசாதத்துக்கு எச்சில் கிடையாது, தீட்டு கிடையாது, ஜாதியும் கிடையாதும்மா. பயப்படாமல் சாப்பிடுங்கள்." நான் தமிழில் மொழிபெயர்த்தேன். அத்தை சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார் என்பது வேறு விஷயம் :-)

திரும்பி வரும்போது காரில் அதே நண்பர் ஒன்று சொன்னார். "இந்தச் சோற்றை யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாலும் புண்ணியம். இதே மண்ணில், இதே மாதிரிச் சோற்றை இன்னொரு இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காக மனுஷர்களை ஜாதியை விட்டே தள்ளியிருக்கிறார்கள், தெரியுமா? அவர்களுக்கு ஒரு பேர்கூட உண்டு. சத்ரகியா."

சத்ர என்றால் நம்ம சத்திரம்தான். கியா என்றால் தின்றவன். சத்திரத்துச் சோறு தின்றவன்.

அந்த வார்த்தை அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் சரித்திரம்.

*

1866-ல் ஒடிசாவில் ஒரு பெரும் பஞ்சம் வந்தது. இங்கே அதை 'ந அங்க' பஞ்சம் என்கிறார்கள். ந என்றால் ஒன்பது. பூரி கஜபதி ராஜாவின் ஒன்பதாவது 'அங்க' வருஷத்தில் வந்ததால் அந்தப் பெயர். (இந்த அங்கக் கணக்கே ஒரு வேடிக்கை. 1, 6 போன்ற சில எண்களைத் தாண்டிவிட்டு எண்ணுவார்கள். அதனால் ஒன்பதாவது அங்கம் என்றால் உண்மையில் ஏழாவது வருஷம்!)

1865 செப்டம்பர், அக்டோபரில் பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை. நெல் பால் பிடிக்கிற நேரத்தில் வயல் காய்ந்துபோனது. கட்டக், பூரி, பாலசோர் மூன்று மாவட்டங்களும் ஒரு பக்கம் காடு, மலை, ஒரு பக்கம் கடல் என்று அடைபட்டுக் கிடந்தன. ஒழுங்கான சாலை கிடையாது, ரயில் கிடையாது. 1866 தொடக்கத்தில், அரிசி இறக்குமதி செய்யலாமா என்று இங்கிருந்து கேட்டதற்குக் கல்கத்தாவிலிருந்த வருவாய் வாரியம் முடியாது என்று தந்தி அடித்தது. விலை ஏறினால் வியாபாரிகள் தாமாகவே அரிசி கொண்டுவருவார்கள், சந்தை பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. வியாபாரிகள் வரவில்லை. கடைசியில் அரசாங்கம் விழித்துக்கொண்டு கப்பலில் அரிசி அனுப்ப ஆரம்பித்தபோது தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டது. கொந்தளிக்கிற கடலில் கப்பலிலிருந்து அரிசியை இறக்கவே முடியவில்லை. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். மூன்றில் ஒருவர் என்று சொல்வது வழக்கம். பக்கத்திலிருந்த கஞ்சாம் மாவட்டமும் பஞ்சத்தில் அடிபட்டது. அது அன்றைக்கு நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது.

பசித்தவர்களுக்காகத் திறக்கப்பட்ட கஞ்சிக் கொட்டகைகளுக்குப் பெயர் அன்னசத்திரம். சமைத்த சோறு போட்டார்கள். சிக்கலே அங்கேதான். யார் சமைத்தது? பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் யார்? ஜாதிக்குப் பயந்து கடைசிவரை அந்தப் பக்கமே போகாமல் வீட்டுக்குள்ளேயே செத்தவர்கள் உண்டு. போனவர்களில் பலர், இனிப் போகாவிட்டால் உயிர் தங்காது என்ற நிலையில்தான் போனார்கள்.

போய், சாப்பிட்டு, பிழைத்து, பஞ்சம் முடிந்து ஊருக்குத் திரும்பினால் ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. சத்திரத்தில் சாப்பிட்டவன் ஜாதி கெட்டவன். அவன் கையில் தண்ணீர் வாங்கக்கூடாது, அவன் வீட்டில் பெண் எடுக்கக்கூடாது. தள்ளப்பட்டவர்கள் வேறு வழியில்லாமல் தங்களுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச வருஷத்தில் அதுவே ஒரு புது ஜாதியாகிவிட்டது: சத்ரகியா. அப்புறம் வங்காளத்து ஜாதிகளைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்ட ரிஸ்லி என்ற வெள்ளைக்கார அதிகாரி இதையும் ஒரு தனி ஜாதியாகவே எழுதி வைத்திருக்கிறார். ஒடிசா அன்றைக்கு வங்காள மாகாணத்தில் இருந்தது. இதில் இன்னொரு கொடுமை, தள்ளப்பட்டவர்களுக்குள்ளேயும் மேல் பிரிவு, கீழ் பிரிவு! பஞ்சத்துக்கு முன்னால் யார் எந்த ஜாதி என்பதை அவர்களும் மறக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். உலகத்தில் ஜாதிகள் தொழிலால் வந்தன, குலத்தால் வந்தன என்று ஏதேதோ சொல்கிறோம். உயிர் பிழைத்ததற்காகவே ஒரு ஜாதி வந்திருக்கிறது. சாப்பிட்டது கொஞ்ச நாள் கஞ்சி. பெயர் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சத்திரத்திலிருந்து சில மைல் தூரத்தில் ஆனந்த பஜாரில் அதே அரிசி, அதே சோறு. அங்கே யாரும் யாரோடும் சாப்பிடலாம். ஆக, குற்றம் சோற்றில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தவன்மேலும் இல்லை. அங்கே நீ பக்தன், இங்கே நீ பிச்சைக்காரன். அவ்வளவுதான் வித்தியாசம்.

*

இந்த வெட்கம் ஆள்கிறவர்களுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்ததை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் கதை.

அடுத்த பெரும் பஞ்சம் நம் பக்கம் வந்தது. 1876 முதல் 1878 வரை. தாது வருஷப் பஞ்சம் என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்வார்களே, அது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஹைதராபாத் எல்லாம் சேர்த்து ஐம்பது லட்சத்துக்கும் மேல் சாவு என்று மதிப்பிடுகிறார்கள். நிவாரணச் செலவு எகிறுகிறது என்று வைஸ்ராய் லிட்டன் 1877-ல் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைச் சென்னைப் பக்கம் அனுப்பினார். டெம்பிள் வந்து வகுத்த விதிகளின் சாரம் இதுதான்: நிவாரணத்தைக் கஷ்டமாக்கு. நிஜமாகவே இல்லாதவன் மட்டும் வருவான்.

எப்படிக் கஷ்டமாக்குவது? வேலை செய்தால்தான் கூலி. வேலையும் வீட்டுக்குப் பக்கத்தில் கிடையாது. பத்து மைலாவது தள்ளி, முகாமில் போய்த் தங்க வேண்டும். மண் வெட்டுகிற ஆம்பிளைக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். ஒரு பவுண்டு என்றால் அரை கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுகொண்டு நாள் முழுக்க மண் சுமக்க முடியாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். பம்பாய் மாகாணத்தில் ஜனங்கள் முகாமைவிட்டுக் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். கடைசியில் கூலியைக் கூட்ட வேண்டியதாயிற்று. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். இன்றைக்கு அதன்மேல் பறக்கும் ரயில் போகிறது.

நிவாரணத்தை ஒரு சல்லடையாக வைத்தார்கள். வெயில், தூரம், அரைவயிற்றுக் கூலி, நாலு பேர் பார்க்கிற அவமானம். இத்தனையும் தாண்டி வருகிறவன்தான் உண்மையான ஏழை. சல்லடையின் கணக்கு கேட்பதற்குச் சரி மாதிரித்தான் இருக்கும். ஆனால் சல்லடையில் நின்றவர்கள் எல்லாரும் வயிறு நிறைந்தவர்கள் இல்லை. அவமானத்தைத் தாங்க முடியாதவர்களும் அதே சல்லடையில்தான் நின்றார்கள்.

அதுவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1880-ல் பஞ்ச விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. அதை வைத்து 1883-ல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. உடம்பில் வலுவுள்ளவனுக்கு வேலை, முடியாதவனுக்கு இலவச உதவி என்று பிரித்தார்கள். கோஷா முறையால் வெளியே வர முடியாத பெண்களுக்கு வீட்டுக்கே உதவி போக வேண்டும், நெசவாளிக்கு முடிந்தவரை அவன் தொழிலிலேயே வேலை கொடுக்கலாம் என்றெல்லாம் ஏற்பாடுகள் வந்தன. 1897 பஞ்சத்தில் நாடு தழுவிய தர்ம நிதி ஒன்று திரட்டினார்கள். அந்த நிதியின் நோக்கங்கள் நான்கு. அதில் ஒன்று என்ன தெரியுமா? கௌரவமான ஏழைகளுக்கு உதவுவது. எந்தத் துன்பத்தையும் பொறுத்துக்கொள்வார்களே தவிர சர்க்கார் நிவாரணம் கேட்டு வரமாட்டார்கள், அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காக என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்கள்.

அதாவது, சர்க்கார் உதவி என்றாலே ஜனங்கள் செத்தாலும் வரமாட்டார்கள் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு தனிக் கணக்கு திறந்தது. உதவியின் முறையை மாற்றவில்லை. ஒட்டுப் போட்டது, அவ்வளவுதான்.

லக்னோவில் படா இமாம்பாடா இருக்கிறது. 1784-ல், பெரும் பஞ்சத்தின் நடுவே, நவாப் ஆசஃப் உத் தௌலா ஜனங்களுக்கு வேலை கொடுக்க ஆரம்பித்த கட்டடம். அங்கே போனால் கைடு ஒரு கதை சொல்வார். பகலில் சாதாரண ஜனங்கள் கட்டுவார்களாம். ராத்திரி இருட்டில், பஞ்சத்தில் நொடித்துப்போன பெரிய வீட்டுக்காரர்கள் வந்து கட்டியதில் ஒரு பகுதியை இடிப்பார்களாம். கட்டினவனுக்கும் கூலி, இடித்தவனுக்கும் கூலி. யார் முகமும் யாருக்கும் தெரியாது. இது செவிவழிக் கதைதான். நடந்ததோ இல்லையோ, இருநூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு ஊர் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பசியைவிட இருட்டு முக்கியமாகப்படுகிற மனுஷர்கள் உண்டு என்பது அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

*

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

சத்திரம் என்ற சொல் நமக்குக் கௌரவமானது. சத்திரம் கட்டியவர் புண்ணியவான். ஆனால் கஞ்சித்தொட்டி என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782-ல், ஹைதர் அலி யுத்தகாலப் பஞ்சத்தில், கஞ்சி ஊற்றுவதற்காக ஆரம்பித்த மணியக்காரர் சத்திரம்தான் அதன் மூலம். கஞ்சி போய், வைத்தியம் வந்து, மெடிக்கல் காலேஜும் வந்துவிட்டது. பெயரில் மட்டும் தொட்டி ஒட்டிக்கொண்டே இருந்தது. ஓசிச்சோறு, தண்டச்சோறு... சோற்றோடு சேர்த்து நாம் வைத்திருக்கும் வசவுகளைக் கணக்கெடுத்தாலே தனிப் பதிவு தேறும்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம் ஒரு கரிசல் கிராமம். காமராஜர் 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த எட்டயபுரம் எங்களுக்குப் பக்கம்தான். அதனால் ஸ்கூலில் சோறு போடுவது எங்கள் பக்கத்துக்குப் புதிது இல்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது நான் நாலாம் வகுப்பு.

அந்த வருஷம் அப்பா வேலை பார்த்த மில்லில் கதவடைப்பு. முதல் இரண்டு மாதம் கடன். அப்புறம் அம்மாவின் தோடு. அப்புறம் ஒன்றும் இல்லை. ஸ்கூல் வாசலில் புதுக் கொட்டகை போட்டு, மத்தியானம் சாம்பார் சாதம் கொதிக்கிற வாசனை நாலு வகுப்புக்கும் வரும். தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடுவார்கள். நான் போக மாட்டேன். அம்மா கட்டளை.

"ஏய்யா, தட்டத் தூக்கிட்டு அந்த வரிசையில போயி நின்னுராத. உங்கப்பா மில்லு வேலைக்காரரு. யாரும் கேட்டா கம்மங்கஞ்சி கொண்டாந்திருக்கேன்னு சொல்லு."

தினமும் ஒரு தூக்குச்சட்டி கொடுத்துவிடுவாள். அதில் கஞ்சி இருக்காது. வெறும் சட்டி நடக்கும்போது ஆடிச் சத்தம் போடும், லேசாகத் தெரியும் என்று தண்ணீர் ஊற்றி மூடித் தருவாள். நான் ஸ்கூலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்து, சட்டிக்குள் தலையைக் கவிழ்த்து அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வருவேன். யாராவது பார்த்தால் கஞ்சி குடிக்கிற மாதிரித்தான் இருக்கும்.

எங்கள் பெரிய சாருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருநாள் கூப்பிட்டார். "ஏலே, உன் கையெழுத்து நல்லாருக்கு. தெனமும் எத்தன பேரு சாப்புடுதாங்கன்னு நோட்டுல எழுதணும். அமைப்பாளர் டீச்சருக்குத் தொணைக்கு மத்தியானம் கொட்டகையில இரு." இருந்தேன். பெயர் பெயராக எழுதினேன். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும், "கணக்கு எழுதுறவன் ருசி பாக்காம எப்படிலே எழுதுவ?" என்றார். ஆயா ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தார். கொட்டகைக்கு உள்ளே, அமைப்பாளருக்குப் பக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தினமும். நான் வரிசையில் நிற்கவே இல்லை. அம்மாவின் கட்டளையை மீறவும் இல்லை.

ஒரு மாதம் போயிருக்கும். அம்மா தூக்குச்சட்டி கொடுப்பதை நிறுத்திவிட்டாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பெரிய சார் ஆசஃப் உத் தௌலா கதை கேள்விப்பட்டிருப்பாரா என்று சந்தேகம்தான். ஆனால் அவர் எனக்குச் செய்தது அதையேதான். எனக்கு ஒரு இருட்டு செய்து கொடுத்தார்.

*

இவ்வளவு பட்டவன் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டாமா? இல்லையே.

2020 ஏப்ரல். ஊரடங்கு. இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் எங்களை மாதிரி மாதச் சம்பளக்காரர்கள் தப்பித்தோம். சின்னக் கடை, தள்ளுவண்டி, கான்ட்ராக்ட் வேலை என்று வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஊர் ரேஷன் கார்டு அப்போது இங்கே செல்லாது. சிலர் சேர்ந்து பணம் போட்டோம். அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், புளி, சாம்பார்ப் பொடி. முப்பது சொச்சம் பைகள். லிஸ்ட் போட்டு, ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் இடைவெளி விட்டு வட்டம் வரைந்து நிற்க வைத்துக் கொடுத்தோம். போட்டோ எடுத்தது நான். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் நான். ஏகப்பட்ட கைதட்டல், ஏகப்பட்ட கும்பிடு.

லிஸ்டில் ஒருத்தர் வரவில்லை. சாயங்காலத்தில் இட்லி, தோசை, பணியாரம் போடுகிற சின்னக் கடைக்காரர். நாங்கள் நடத்தும் பொங்கல் விழாவுக்கு வருஷா வருஷம் தவறாமல் நன்கொடை கொடுப்பவர். போன் செய்தேன். "எங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல சார். இல்லாதவங்களுக்குக் குடுங்க" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத் தங்கமணி அந்த வீட்டம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தவள், போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "அங்க ஒரு வேளைதான் சமைக்கிறாங்களாம். பெரியவங்க ரெண்டு பேரும் ராத்திரி சாப்பிடுறதே இல்லையாம்."

"அப்ப ஏன் வாங்க வரல?"

"நீங்க போட்ட போட்டோதான். அந்தக் குரூப்புல அவங்க சொந்தக்காரங்க ஒருத்தர் இருக்காராம். மறுநாளே ஊர் பூரா தெரிஞ்சிருமாம். வெளியூர் போயி நல்லா இருக்கான்னு ஊர்ல நினைச்சிட்டு இருக்காங்க, அந்தப் பேரையாவது காப்பாத்திக்கிறோம்னு அழுதாங்க."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தூக்குச்சட்டி ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் எந்த நாலு பேருக்குப் பயந்து அம்மா அதில் தண்ணீர் ஊற்றினாளோ, அந்த நாலு பேரில் ஒருத்தன் நான்தான். இப்போது என் கையில் கேமராவும் இருக்கிறது.

ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இந்த வெட்கம் இரட்டிப்பு. உள்ளூரில் நொடித்துப்போனால் அது கஷ்டகாலம். வெளியூர் போய் நொடித்துப்போனால் அது தோல்வி. ஊரில் பால் காய்ச்சிய வீடு, தங்கச்சி கல்யாணத்துக்குச் செய்த செய்முறை, திருவிழாவுக்குக் கொடுத்த வரி எல்லாவற்றுக்கும் பின்னால் 'அவன் அங்கே நல்லா இருக்கான்' என்ற ஒரு நம்பிக்கை நிற்கிறது. அதை ஒரு அரிசிப் பைக்காக யாரும் உடைக்க மாட்டார்கள்.

போட்டோவை அழித்தேன். மீதியைத் தங்கமணிதான் சரிசெய்தாள். எங்கள் அபார்ட்மெண்டில் எல்லார் வீட்டிலும் மாவு தட்டுப்பாடு. நாங்கள் அரிசியும் உளுந்தும் வாங்கித் தருகிறோம், நீங்கள் கடை கிரைண்டரில் அரைத்துத் தாருங்கள், கிலோவுக்கு இவ்வளவு கூலி, மிஞ்சுகிற அரிசி உங்களுக்கு என்று பேசி முடித்தாள். அரிசி வேண்டுமென்றே மிஞ்சுகிற மாதிரி வாங்கினோம். அவருக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த அம்மா மாவு கொடுக்க வரும்போது தலை நிமிர்ந்து வந்தார். "போன தடவை உளுந்து சரியில்லைங்க, வேற கடையில வாங்குங்க" என்று என்னை அதட்டிவிட்டும் போனார். அதட்டல் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

*

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தோடு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 2017-ல் ராஜஸ்தானில் தௌசா மாவட்டத்தில், ரேஷன் வாங்குகிற குடும்பங்களின் வீட்டுச் சுவரில், நான் ஏழை, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ரேஷன் வாங்குகிறேன் என்று பொருள்படப் பெயின்டில் எழுதி வைத்தார்கள். தகுதி இல்லாதவர்கள் வாங்காமல் தடுக்கத்தானாம். டெம்பிளின் அதே சல்லடை! 2013-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு உரிமை என்று சொன்னதை, நாலு வருஷத்தில் பிச்சை என்று சுவரில் எழுதிவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்க வருகிறவர்கள் முதலில் படிப்பது அந்தச் சுவரைத்தான். சத்ரகியா என்று எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு அந்தக் கோட்டை ரேஷன் கடைக்குள் விடவில்லை. எல்லாருக்கும் அரிசி, வேண்டாதவர் வாங்காமல் இருக்கலாம். அதனால்தான் நம் ஊரில் ரேஷன் அரிசி வாங்குவதை வைத்து ஒருவனை ஏழை என்று சொல்லிவிட முடியாது. 2013-ல் சென்னையில் அம்மா உணவகம் வந்தது. இட்லி ஒரு ரூபாய். 2015-ல் இங்கே ஒடிசாவில் ஆஹார் என்று ஐந்து ரூபாய்க்குச் சோறும் டால்மாவும் போட ஆரம்பித்தார்கள். ஒரு ரூபாய் வாங்கி சர்க்கார் என்ன சம்பாதிக்கப் போகிறது, இலவசமாகவே கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஒரு ரூபாய்க்குச் சாப்பிடுகிறவன் இட்லி மட்டும் வாங்கவில்லை. 'சட்னி இன்னும் கொஞ்சம் ஊத்துங்க' என்று கேட்கிற உரிமையையும் சேர்த்து வாங்குகிறான்.

நம்மில் பலர் வெளியூர்த் தமிழ்ச் சங்கங்களில் இருக்கிறோம். புயல், வெள்ளம், வேலையிழப்பு என்று ஏதாவது வந்துகொண்டுதான் இருக்கும். அப்போது ஒன்றே ஒன்று. கொடுக்கும்போது கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நன்கொடைக் கணக்கு காட்ட வேண்டும் என்றால் கடை பில்லைப் போட்டோ எடுங்கள், போதும். லிஸ்டில் பெயர் இருந்தும் வராதவர்கள் வீட்டுக்கு இரண்டாவது தடவை, வேறு ஒரு காரணத்தோடு, வேறு ஒருவர் போகட்டும். 'எங்களுக்கு வேண்டாம், இல்லாதவங்களுக்குக் குடுங்க' என்று சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

பின்குறிப்பு: ஊரில் அந்தக் கொட்டகை இப்போது இல்லை, கான்கிரீட் கட்டடம் வந்துவிட்டது. பெரிய சார் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. தூக்குச்சட்டி மட்டும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அம்மா அதைப் பழைய பாத்திரக்காரனுக்குப் போட விடுவதில்லை.